காதில் தொடங்கும் முகம்

மே 6, திங்கள்

இந்த நீல அட்டை நோட்டைக் கொடுத்தவர் எங்கள் வழிகாட்டி தில்லைநாயகம் சார். "ஆய்வு பண்றவங்க தினமும் எழுதணும்மா" என்றார். ஆய்வுக்கு வேறு நோட்டு இருக்கிறது. இதில் என் வயிற்றெரிச்சலைத்தான் எழுதப்போகிறேன்.

எட்டு வாரக் கோடை ஆய்வுத் திட்டம். பொறியியல் படிக்கிற ஒருவரையும் ஓவியம் படிக்கிற ஒருவரையும் ஒரே நுகத்தடியில் பூட்டி, ஜூன் 28-ஆம் தேதி கண்காட்சியில் ஏதாவது செய்து காட்டச் சொல்வார்கள். கோயம்புத்தூருக்கு வெளியே, லீவில் காலியாகக் கிடக்கிற ஒரு கல்லூரி. நான் செண்பகவல்லி, மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல், ஊர் கோவில்பட்டி. எனக்கு வரையச் சுத்தமாக வராது. மாம்பழம் வரைந்தால் சிறுநீரகம் மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் ரெக்கார்டு நோட்டுக்குப் படம் போட்டது என் தங்கை.

எனக்கு வாய்த்த ஜோடி டெல்பின். தூத்துக்குடிக்காரி, சென்னையில் ஓவியம் படிக்கிறாள். சார் பேசிக்கொண்டிருக்கும்போதே என் நோட்டைப் பிடுங்கி, முதல் பக்கத்தில் பென்சிலால் என் முகத்தை வரைந்துவிட்டாள். மூக்கிலிருந்து ஆரம்பித்தாள். கண் இரண்டும் ஆட்டுக்கண் மாதிரி முழித்துக்கொண்டிருக்கிறது.

"எம் மூக்கு இவ்வளவு பெருசாட்டி?" என்று கேட்டேன்.

"மூக்கு சரியா விழுந்துட்டா மத்ததெல்லாம் அதைத் தேடி வந்துரும். எனக்கு எப்பவும் மூக்குதான் மொதல்ல."

ஒரு பக்கம் வீண்.

மே 9, வியாழன்

இன்று ஆய்வுக்கூடத்தைத் திறந்தார்கள். மேசை மேல் ஓர் இயந்திரக் கை நிற்கிறது. நீளக் கழுத்து, நுனியில் பேனா. அதற்குக் கொக்கு என்று பேர் வைத்துவிட்டோம். கூடவே ஒரு கறுப்புக் கையுறை. டெல்பின் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடித் தட்டின் மேல் வரைய வேண்டும். விரல் எப்படிப் போகிறது, எங்கே அழுத்துகிறது, எங்கே நிற்கிறது என்பதெல்லாம் கணினியில் பதிவாகும். அந்தப் பதிவைப் போட்டு நான் கொக்கைப் பழக்க வேண்டும். கடைசியில் எதிரே யார் உட்கார்ந்தாலும், கேமராவில் பார்த்து டெல்பின் வரைவது போலவே கொக்கு வரைய வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

சார் போகும்போது சொன்னார்: "பழைய வருஷத்துப் பதிவையெல்லாம் அழிச்சிட்டு இடம் பண்ணிக்கோம்மா. முக்கியமா ரெங்கான்னு ஒண்ணு இருக்கும். போன வருஷம் அந்தப் பையன் பாதியில ஊருக்குப் போயிட்டான். அழிக்கச் சொல்லிட்டுப் போனான், நான்தான் மறந்துட்டேன்."

"சரிங்க சார்" என்றேன்.

மதியம் தக்காளிச் சாதம். அப்பளம் தீர்ந்துபோய்விட்டது.

மே 13, திங்கள்

வாட்ச்மேன் பழனிச்சாமி அண்ணனை உட்காரவைத்து டெல்பின் வரைந்தாள். மனுஷன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

டெல்பின் என்னை நன்றாக வேலை வாங்குகிறாள். தண்ணீர்ப் பாட்டில் மூடியை நான் திறந்து தர வேண்டும். காலையில் ஜடை நான் பின்னிவிட வேண்டும். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறாள், ஏதோ கோவில் தீர்த்தம் மாதிரி. "கை என்ன வெண்ணெயாட்டி?" என்று கேட்டேன். சிரித்தாள். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த செல்லம், வேறென்ன.

மே 17, வெள்ளி

துணி துவைத்தேன். கொக்கு இன்று வரைந்த மூக்கு கத்திரிக்காய்.

மே 22, புதன்

திங்கட்கிழமை இடைக்கால மதிப்பீடு. ஐம்பது மணி நேரப் பதிவு காட்டாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். எங்களிடம் இருப்பது பத்தொன்பது மணி நேரம். டெல்பின் ஒரு மணி நேரம் வரைந்ததும் தலைவலி என்று கையுறையைக் கழற்றிவிடுகிறாள். கேட்டால் முகம் சுருங்கிப்போகிறது.

அவள் மதியம் தூங்கப் போன பிறகு அந்த ரெங்கா பதிவைத் திறந்து பார்த்தேன். முப்பத்து மூன்று மணி நேரம். அதே கையுறை, அதே தட்டு. கோடு ஒவ்வொன்றும் எண்ணெய் ஊற்றியது போல வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டையும் கோடு கோடாகக் கலந்து ஒரே பதிவாக்கிவிட்டேன். கை அசையாமல் கிடக்கிற நேரத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தான் பழக்க வேண்டும் என்பது முதல் பாடம். வெட்டினால் ஐம்பது வராது. ரெங்காவின் கடைசி நாள் பதிவில் மட்டும் நாற்பது நிமிடம் கை சும்மாவே இருக்கிறது. அதையும் விட்டுவைத்தேன்.

கணினியில் இடம் போதவில்லை. சேர்த்ததை வைத்துக்கொண்டு தனித்தனியாக இருந்த இரண்டையும் அழித்துவிட்டேன்.

கை கைதானே. யாருக்கு என்ன நஷ்டம்.

மே 27, திங்கள்

தேறிவிட்டோம். மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் கைதட்டினார்கள். கொக்கு ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. சார் எல்லாருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார்.

ஒன்று மட்டும். கொக்கு முகத்தைக் காதிலிருந்து ஆரம்பிக்கிறது. வெளி வளைவு, உள்ளே சின்ன வளைவு, நடுவில் ஒரு புள்ளி. பிறகுதான் தாடை, வாய். கண்ணைக் கடைசியில் போடுகிறது. மூடிய கண்.

டெல்பின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "நான் மூக்குலல்லா ஆரம்பிப்பேன்" என்றாள்.

"மெஷினு அதுக்குத் தோதான வழிய அதுவே கண்டுபிடிச்சிக்கிடும்" என்றேன்.

"அப்ப இது எங் கோடுதானா?"

"பின்ன யாரு கோடு?"

தலையாட்டினாள். ஜிகர்தண்டா நன்றாக இருந்தது, ஆனாலும் மதுரை மாதிரி வராது.

மே 30, வியாழன்

காது வரைந்ததும் கொக்கு நின்றுவிடுகிறது. பேனாவைத் தாளிலிருந்து தூக்கி, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, நிற்கிறது. பிறகு தொடர்கிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நான்கு விநாடி. மோட்டார் சூடாகிறது போல.

ஜூன் 3, திங்கள்

கையுறையின் இரண்டாவது வேலையை இன்று இயக்கினோம். உள்ளே மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. கொக்கு கற்றுக்கொண்டதை வைத்து, அடுத்த கோடு எங்கே போக வேண்டும் என்று அவை விரலை இழுத்துக் காட்டும். கொக்கும் கையும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் என்பது சாருடைய கொள்கை.

தினமும் காலையில் கால் மணி நேரம் நான் அதை மாட்டி அளவு சரிபார்க்க வேண்டும். பூனைக்குட்டி விரலைக் கவ்வி இழுப்பது மாதிரி இருக்கிறது. கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

டெல்பினுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "கை ஆடவே இல்லட்டி" என்று மூன்று தடவை சொன்னாள். இன்று நாலு மணி நேரம் வரைந்தாள். தலைவலி வரவில்லை.

ஜூன் 7, வெள்ளி

பழனிச்சாமி அண்ணன் இனி உட்கார மாட்டாராம்.

"ஏனுங் அம்மணி, உசுரோட இருக்கறவன இப்புடிக் கண்ண மூடி வரைஞ்சு வெச்சிருக்கீங்க. பொட்டு வெச்சு மாலையப் போட்டா முடிஞ்சுதுங்க."

"மெஷினுக்குக் கண்ணு வரைய வரலண்ணே. சரி பண்ணிருவேன்."

"கண்ணு கெடக்கட்டுங்க. இது என்ர மொகமா? ஏதோ பொட்டப்புள்ள மொகமாட்டல்ல இருக்குது."

அவர் போன பிறகு இதுவரை வந்த ஒன்பது படங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன். வாட்ச்மேன், மெஸ் அக்கா, சார், நான். மீசையும் கண்ணாடியும் அவரவருடையவைதாம். அவற்றைக் கையால் மறைத்துவிட்டுப் பார்த்தால் ஒன்பதிலும் ஒரே ஆள். பதினைந்து பதினாறு வயதுப் பெண். தூங்குகிறாள்.

படங்களை அடுக்கி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். எனக்குப் பயமெல்லாம் இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

பாலக்காட்டுக் காற்று ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் படபடவென்று அடிக்கிறது. கொக்கு இப்போது பதினோரு விநாடி நிற்கிறது.

வேறு ஆள் கிடைக்காததால் நானே எதிரே உட்கார்ந்தேன். காதைப் போட்டது. நின்றது. கழுத்தைச் சாய்த்தது. கேமரா என் முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்துக்குக் கீழே நெஞ்சைப் பார்த்தது. எனக்கு என்னவோ ஆகிவிட்டது, மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது நின்றுகொண்டே இருந்தது. முடியாமல் மூச்சை விட்டேன். உடனே பேனா இறங்கியது.

தற்செயல்தான். மறுபடி சோதித்துப் பார்க்கவில்லை. நேரமில்லை.

ஜூன் 12, புதன்

காலையில் எழுந்தபோது விரலெல்லாம் நீல மை. பேனா கசிகிறது. வேறு வாங்க வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

மெஸ்ஸில் தோசை வரத் தாமதம். டெல்பின் ஒரு காகிதத்தை இழுத்து மெஸ் அக்காவை வரைய ஆரம்பித்தாள். கையுறை இல்லை, வெறும் கை. வெளி வளைவு, உள்ளே சின்ன வளைவு, நடுவில் ஒரு புள்ளி. பிறகு பென்சிலைத் தூக்கிக்கொண்டு அக்காவையே பார்த்தாள். அக்கா கரண்டியோடு நின்று, "ஏனுங்க கண்ணு, என்ர சேலைல ஏதாச்சும் ஒட்டிட்டிருக்குதா?" என்று கேட்டார்.

டெல்பின் குனிந்து காகிதத்தைப் பார்த்தாள். "ஏட்டி, நான் எதுல ஆரம்பிச்சேன்?" என்றாள்.

"சாப்பிடு, ஆறிரும்" என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று டெல்பின் சொல்லிவிட்டாள். சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று நினைக்கிற அளவுக்கு நான் கேவலமானவள்.

வலது தோளுக்குக் கீழே, நரம்பைச் சுற்றி ஒரு கட்டி. டிசம்பரிலிருந்து விரல் மரத்துப்போகிறதாம். ஜூலை 1-ஆம் தேதி மதுரையில் அறுவை சிகிச்சை. எடுக்காவிட்டால் கை மொத்தமும் போய்விடும். எடுத்தாலும் விரல் பழையபடி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"அதுக்குத்தாம்ட்டி இங்க வந்தேன்" என்றாள். "வீட்டுல நோட்டு நோட்டா படம் கெடக்கு. படம் இருந்து என்ன செய்ய? எங் கை எப்படிப் போகும்னு அதுல இல்லல்லா. கை போனாலும் கொக்குக்குள்ள எங் கோடு இருக்கும். பொறவு இடது கையில கையுறைய மாட்டிக்கிட்டு அதுட்ட இருந்தே திருப்பிப் படிச்சுக்கிடுவேன்."

பாட்டில் மூடி. ஜடை. டீ கிளாஸ். நான் எதையும் கவனிக்கவே இல்லை என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

"எங் கோட்ட பத்திரமா வச்சிருக்கேல்லா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன்.

ஜூன் 19, புதன்

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜூன் 20, வியாழன்

சொல்லவில்லை. அவள் அம்மா போனில் அழுதுகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் போய்ச் சொல்வதா.

ஜூன் 22, சனி

பழைய வருகைப் பதிவேட்டைத் தேடி ரெங்காவின் எண்ணைக் கண்டுபிடித்தேன். முழுப்பெயர் ரெங்கராஜ், கும்பகோணம். இப்போது ஒரு பிளெக்ஸ் பேனர் கடையில் வேலை பார்க்கிறான். யார், என்ன என்று சொன்னேன்.

"அதை அழிக்கச் சொல்லியிருந்தேனேங்க" என்றான்.

"சாரு மறந்துட்டாரு. நான் எடுத்துச் சேத்துட்டேன். தப்புத்தான். அது யாரு முகம்?"

"என் தங்கச்சி வைதேகி. பதினாறு வயசு. ரத்தத்துல நோய். இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்குங்கன்னு அனுப்பிட்டாங்க. நான் சார்கிட்ட கேட்டு கையுறையையும் தட்டையும் ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். கட்டிலுக்குப் பக்கவாட்டுலதான் இடம் இருந்துச்சு. அங்க உக்காந்தா காதுதான் முன்னாடி இருக்கும். அதான் காதுலேருந்து ஆரம்பிப்பேன்."

நடுவில் நிற்கிறதே, அது எதற்கு என்று கேட்டேன்.

"காதைப் போட்டுட்டு, மூச்சு வருதான்னு பாப்பேங்க. வந்தா அடுத்த கோடு." பிறகு சொன்னான்: "வர வர மூச்சு லேட்டாயிட்டே போச்சு. கடைசி அன்னிக்குக் காது மட்டும்தான் போட்டேன். அப்புறம் கையுறையைக் கழட்ட மறந்துட்டேன். நாப்பது நிமிஷம் அப்படியே ஓடியிருக்கும்."

ஐம்பது மணி நேரம் கணக்குக் காட்ட நான் வெட்டாமல் விட்ட அந்த நாற்பது நிமிடம்.

"அவ முகம் வருதாங்க?" என்று கேட்டான்.

"வருது."

"ஒரு படம் அனுப்ப முடியுமா?"

அனுப்பினேன்.

ஜூன் 23, ஞாயிறு

ரெங்கராஜிடமிருந்து ஒரே ஒரு செய்தி: "கண்ணு தொறந்த மாதிரி ஒண்ணு வரையச் சொல்ல முடியுமாங்க?"

முடியவில்லை. நாள் முழுக்க முயன்றேன்.

ஜூன் 25, செவ்வாய்

அழிந்த பதிவை மீட்கிற மென்பொருள் மூன்று போட்டுப் பார்த்தாயிற்று. டெல்பினின் அந்தப் பத்தொன்பது மணி நேரம் தனியாக எங்கும் இல்லை; சேர்த்த பதிவிலோ இரண்டு பேர் கோடும் கலந்து கிடக்கிறது. யானை வாயில் போன கரும்பு. அதற்குப் பிறகு அவள் வரைந்தது எல்லாம் கையுறை விரலை இழுக்க இழுக்க வரைந்தது. அதில் எது அவள், எது ரெங்கா என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

புதிதாகப் பதிவு செய்யலாம் என்று, காரணம் சொல்லாமல், கம்பிகளை நிறுத்திவிட்டு அவளை வரையச் சொன்னேன். காதில் ஆரம்பித்தாள். நின்றாள். என் நெஞ்சைப் பார்த்தாள்.

அறுவை சிகிச்சைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நான் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 28, வெள்ளி

கண்காட்சி. முக்கிய விருந்தினர் ஓய்வுபெற்ற ஒரு பெரிய அதிகாரி. பட்டு ஜிப்பா, நல்ல கனத்த சரீரம். கொக்குக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். நூறு பேர் சுற்றி நின்றார்கள்.

காதைப் போட்டது. அப்படியே உரித்துவைத்த காது, எல்லாரும் 'அடடே' என்றார்கள். நின்றது. பதினோரு விநாடி ஆயிற்று. ஒரு நிமிடம் ஆயிற்று. சார் என்னைப் பார்த்தார். நான் கணினியைப் பார்த்தேன். எந்தப் பிழையும் இல்லை. கொக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. காத்திருந்தது.

மூன்றாவது நிமிடத்தில் கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது. கொக்கு எதைப் பார்க்கிறது என்று ஒவ்வொருவராகத் திரும்பி அதையே பார்க்க ஆரம்பித்தார்கள். நூறு பேர் அவர் நெஞ்சைப் பார்த்தார்கள்.

"என்னப்பா, எல்லாரும் எதைப் பாக்கறீங்க?" என்றார் அவர். சிரிக்கத்தான் முயன்றார். பிறகு அவரே தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

நான் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். சாருடைய முகத்தில் ஈயாடவில்லை. மின்தடை என்று சொல்லி எல்லாரையும் அடுத்த அரங்குக்கு அழைத்துப்போனார். விருந்தினருக்கு ஒன்றும் ஆகவில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஜூன் 29, சனி

சொல்லிவிட்டேன்.

டெல்பின் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள், இடது கையாலேயே. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பதிவைச் சேர்த்தது, வெட்டாமல் விட்டது, அவளுடையதை அழித்தது, வைதேகி, எல்லாம். ஐம்பது மணி நேரம் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"அன்னைக்கே கேட்டேன்லாட்டி" என்றாள். "எங் கோடுதானான்னு. நீ என்ன சொன்ன?"

"பொய் சொன்னேன்."

"நான் அதை நம்பித்தான அந்தக் கையுறைய மாட்டுனேன். எங் கையையே அதுக்குக் குடுத்தேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. கட்டிலில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்து, அது வேறு யாருடையதோ மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

வெகுநேரம் கழித்து, "மொத நாளு உன் நோட்டுல வரைஞ்சேன்லா" என்றாள். "கையுறை மாட்டுறதுக்கு முன்னாடி கடைசியா வரைஞ்சது அதுதான். அதைக் குடு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன். எப்படி ஆரம்பிச்சேன்னு பாத்துப் பாத்து ஞாபகம் வச்சுக்கிடுவேன்."

ஓடிப்போய் இந்த நோட்டை எடுத்துவந்தேன். ஒன்றையாவது திருப்பிக் கொடுக்க முடிகிறதே என்று இருந்தது. முதல் பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.

பென்சிலில் என் மூக்கு, வாய், தாடை எல்லாம் அப்படியே இருக்கின்றன. கண் மட்டும் மூடியிருக்கிறது. முழித்துக்கொண்டிருந்த ஆட்டுக்கண்ணின் மேல், நீல மையில், இமை இமையாக யாரோ மூடியிருக்கிறார்கள். காதையும் நீல மையில் புதிதாக வரைந்திருக்கிறார்கள். நல்ல கை. ஒரு கோடுகூட ஆடவில்லை.

"யாரு மூடுனது?" என்று கேட்டாள்.

"தெரியல."

இந்த நோட்டு என் தலையணைக்கு அடியில்தான் இருக்கும். எனக்கு மாம்பழம்கூட வரைய வராது. இதையும் அவளிடம் சொன்னேன்.

அவள் என் விரல்களைப் பார்த்தாள். நோட்டை மூடி என்னிடமே கொடுத்தாள். "நீயே வச்சுக்கோட்டி" என்றாள். பிறகு ஜடை பின்னிவிடச் சொல்லி முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். பின்னிவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

கோவில்பட்டிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி மதுரையிலேயே இறங்கிவிட்டேன். ஏழு மணி நேரம் அறுவை சிகிச்சை. கட்டி முழுதாக வந்துவிட்டதாம். விரலைப் பற்றிக் கேட்டால், முழித்ததும் பார்க்கலாம் என்கிறார்கள்.

ஜூலை 2, செவ்வாய்

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு டெல்பினின் அம்மா கஞ்சி வாங்கக் கீழே போனார்கள். "பிள்ளயப் பாத்துக்கிடும்மா. வெரலு அசையுதான்னு பாக்கச் சொல்லிருக்காங்க" என்றார்கள். நான் கட்டிலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். அங்கேதான் நாற்காலி போட இடம் இருந்தது. அவள் கண் மூடிக் கிடந்தாள். தோளிலிருந்து முழங்கை வரை கட்டு, நுனியில் ஐந்து விரல், போர்வை மேல்.

விரலைப் பார்க்க வேண்டியவள் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, இறங்கியது. எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

அப்போது விரல் அசைந்தது. முதலில் ஆள்காட்டி விரல், பிறகு அடுத்தது. நான் கும்பிடாத சாமி இல்லை. எழுந்து நர்ஸைக் கூப்பிட வாயெடுத்தேன்.

விரல் போர்வை மேல் ஊர்ந்தது. பெரிய வளைவு. அதன் உள்ளே சின்ன வளைவு. நடுவில் ஒரு அழுத்தம், புள்ளி வைக்கிற மாதிரி. பிறகு விரல் மேலே எழும்பி, அப்படியே நின்றது.

நான் எண்ண ஆரம்பித்தேன். நான்கு. ஏழு. பதினொன்று தாண்டிவிட்டது. கூப்பிடலாம், ஆனால் குரல் வரவில்லை. இருபது என்று எண்ணும்போது அவள் முகத்தைப் பார்த்தேன்.

கண் திறந்திருந்தது. நன்றாக முழித்திருந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே, என் நெஞ்சைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

விட்டேன். விரல் மறுபடி நகர்ந்தது.